கோலும் கயிறும் சங்கிலியும்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் தெற்கு நோக்கிச் சுமார் இருபது கிலோமீட்டர் செல்வோர்க்குத் திருமயத்தின் பாறைக் கோட்டை தொலைவிலேயே தோன்றிவிடும். 1687-ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி எழுப்பிய கோட்டை அது. வருவோர் மேலே ஏறிப் பீரங்கியைப் பார்ப்பர், காற்று வாங்குவர், இறங்கிப் போய்விடுவர். அதே குன்றின் தென் சரிவில் பாறையைக் குடைந்தமைத்த இரு பழங்கோயில்கள், ஒன்று சிவனுக்கும் ஒன்று திருமாலுக்கும் உரியனவாய், அருகருகே நிற்கின்றன. அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ள ஒரு தீர்ப்பைப் படித்துப் பார்க்க நிற்போர் மிகச் சிலரே.

அது நிலவருவாய் பற்றிய வழக்கின் தீர்ப்பு. இரு கோயில்களுக்கும் உரிய ஊர்களின் வருவாயை எவ்வாறு பங்கிடுவது என்ற பூசல் நெடுங்காலம் தீராமலே கிடந்தது. பாண்டியர் ஆட்சி நடந்த 1245-ஆம் ஆண்டில், போசளத் தண்டநாயகனான அப்பண்ணன் என்பான் முன்னிலையில் நாட்டாரும் கோயிலாரும் பெருங்கூட்டமாகக் கூடி அதனைத் தீர்த்து வைத்தனர். கன்னட நாட்டுப் படைத்தலைவன் ஒருவன் பாண்டி நாட்டுக் குன்றடியில் அமர்ந்து தமிழ்க் கோயில்கள் இரண்டின் வழக்கைத் தீர்க்கிறான்! வாளால் தீர்க்க வல்லவன். எனினும் அவையைக் கூட்டி, முடிவைக் கல்லில் எழுதச் செய்தான். மண்ணைப் பற்றிய பூசலுக்கு வாள் ஒருநாளும் முடிவு தருவதில்லை என்பதை அவன் அறிந்திருந்தான் போலும்.

நிலத்தை அளப்பதும், எல்லையிடுவதும், அதனை எழுதி வைப்பதும் வெள்ளையர் கொண்டுவந்தவை என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கி.பி. 1001 அளவில், முதலாம் இராசராசன் தன் நாடு முழுவதையும் அளப்பித்தான். அப்பணியை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்பதே பட்டமாயிற்று. ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறுவரை கணக்கெழுதினர் என்று கல்வெட்டறிஞர் கூறுவர். வியந்து பேசுவதற்கு ஏற்ற செய்திதான். ஆனால் ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்று கொண்டு நாம் கணக்கிட்டுப் பார்த்தால், அந்தக் கூறு ஒரு கடுகு உட்காரும் இடம்கூட ஆகாது. ஆகவே அது கோல் கொண்டு அளந்த அளவு அன்று. முந்திரி, கீழ்முந்திரி என்று வகுத்துக்கொண்டே போன கணக்கரின் ஏட்டளவு. அளந்தவன் கையைவிட எழுதியவன் கை நுட்பமானது! முதற் குலோத்துங்கன் காலத்தில் 1086-இல் மீண்டும் ஓர் அளவை நடந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்தான் என்பது ஒரு வியத்தகு ஒற்றுமை.

அளவுகோல் எங்கும் ஒன்றாயிருந்ததா எனில், இல்லை. பதினாறு சாண் கோல், பதினெண்சாண் கோல், சுந்தரபாண்டியன் பெயரால் வழங்கிய இருபத்துநாலடிக் கோல் எனப் பல இருந்தன. கோல் மாறினால் என்ன என்று கேட்கலாம். ஒரு கோல் சதுரம் ஒரு குழி. பதினாறு சாண் கோலில் ஒரு குழி 256 சதுரச் சாண். பதினெண்சாண் கோலில் அதுவே 324. கோலில் இரண்டு சாண் கூடினால் குழியின் பரப்பு காற்பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. குழிக்கு இவ்வளவு நெல் என்று வரி விதித்துவிட்டுக் கோலைச் சிறியதாக்கினால், ஆணை எதுவும் இல்லாமலே வரி ஏறிவிடும். ஆகவேதான் எந்தக் கோலால் அளந்த நிலம் என்பதையும் கல்வெட்டிலேயே குறித்தனர். கோலின் நீளத்தையே கோயிற் சுவரில் கோடாக வெட்டியும் வைத்தனர். ஐயம் வந்தவன் தன் கோலைக் கொண்டுபோய் அச்சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லை குறிக்கும் முறையோ இன்னும் சுவையானது. கொடையாக ஓர் ஊரை அளிக்கும்போது பெண் யானையை அதன் எல்லை நெடுகிலும் நடத்துவர், ஊரார் பின்தொடர்வர். யானை நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவர். கல்லோடு கள்ளி எதற்கு? கல்லை இரவோடு இரவாகப் பெயர்த்துவிடலாம். வேர்விட்டுப் படர்ந்த கள்ளி வரிசையைச் சத்தமின்றி நகர்த்த இயலாது. பின்னர் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு எல்லைகளையும் கூறி, அவற்றுக்கு உட்பட்ட நிலம் என முடிப்பர். நம் பத்திரங்களில் இன்றும் ‘நான்கு மாலுக்கு உட்பட்ட’ என்று எழுதுகிறோமே, அது அந்த மரபின் தொடர்ச்சி. பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழிக் கல்லும், சிவன் கோயில் நிலத்துக்குத் திருச்சூலக் கல்லும் நட்டனர். எழுத்தறியாத உழவனும் கல்லின் முகத்தைப் பார்த்தே நிலம் யாருடையது என்று அறிந்துகொண்டான்.

அரபுலகின் கதையையும் ஈண்டு ஒரு சிறிது நோக்குவோம். இராக்கின் செழுமையான ஸவாது நிலப்பகுதி முஸ்லிம்கள் வசமானபோது, அதனைப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுத் தரவேண்டும் என்று பலர் கேட்டனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். நிலம் உழுபவரிடமே இருக்கட்டும்; வரி பொதுநிதிக்கு வரட்டும்; பின்னே வரும் தலைமுறைகளுக்கும் அதில் பங்குண்டு என்பது அவர்களின் கருத்து. வரி விதிக்க நிலத்தை அளக்க வேண்டுமே! அப்பணிக்கு உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர்கள் அளந்து கண்டது மூன்று கோடியே அறுபது இலட்சம் ஜரீபு என இமாம் அபூயூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் குறித்துள்ளார். ஜரீபு என்பது அறுபது முழம் நீளமும் அறுபது முழம் அகலமும் உடைய நிலம். அச்சொல் இந்தியாவுக்கு வந்து, நிலமளக்கும் கருவிக்கே பெயராகி நின்றது.

மொகலாயர் ஆட்சியில் நிலத்தை முதலில் சணற்கயிற்றால் அளந்தனர். பனியில் நனைந்தால் கயிறு சுருங்கும். வெயிலில் உலர்ந்தால் நீளும். காலையில் அளந்த நிலம் ஒரு கணக்கு, நண்பகலில் அளந்தது வேறு கணக்கு! விவசாயி பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? அக்பர் காலத்தில் கயிற்றை ஒதுக்கி, இரும்பு வளையங்களால் இணைத்த மூங்கிற் கழிகளைக் கொண்டு அளக்கச் செய்தனர். ‘ஆயினே அக்பரி’யில் அபுல் ஃபஸல் இதனைக் கூறுகிறார். சிறு மாற்றந்தான். ஆனால் பல இலட்சம் உழவர்களின் வயிறு அந்தச் சுருங்காத மூங்கிலைப் பற்றியே இருந்தது.

கணிதத்துறையிலும் ஒரு செய்தி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அல்ஜப்ர் பற்றி எழுதிய நூலில் நிலமளத்தலுக்கென்றே ஒரு பகுதியும், பாகப்பிரிவினைக்கென்றே ஒரு பகுதியும் வைத்தார். முக்கோண நிலத்தை அளக்க அவர் எடுத்துக்காட்டிய பக்கங்கள் 13, 14, 15. பதினான்கை அடியாகக் கொண்டு உச்சியிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு இறக்கினால், அடி 5 எனவும் 9 எனவும் பிரிகிறது, உயரம் சரியாக 12, பரப்பு 84. பின்னமே இல்லாத அழகான கணக்கு. நாம் மத்ரஸாவில் ஃபராயிள் பாடம் ஓதிய நாளில் எம் உஸ்தாது இதனைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே வரைந்து காட்டியது இன்றும் கண்முன் நிற்கிறது.

இதன் பயனைத் தெரிந்துகொள்ள நம்மூர்ப் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாட்டுக்கணக்கில், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரண்டையும் பெருக்குவர். வயல் செவ்வக வடிவாயிருந்தால் கணக்குச் சரி. ஒருபுறம் சாய்ந்திருந்தால்? எதிர்ப் பக்கங்கள் 13, 15 கோலாகவும், மூலைவிட்டம் 14 கோலாகவும் உள்ள சாய்ந்த வயல் ஒன்றைக் கொள்வோம். பழைய கணக்கில் அது 195 குழி. அல்குவாரிஸ்மியின் வழியே இரு முக்கோணங்களாக்கினால் 84-உம் 84-உம் சேர்ந்து 168 குழிதான். இல்லாத இருபத்தேழு குழிக்கு அந்த உழவன் வாழ்நாள் முழுவதும் வரி கட்டியிருப்பான். அந்த முறையில் பிழை எப்போதும் மிகுதியின் பக்கமே விழும். ஒருபோதும் குறைவின் பக்கம் விழாது. வாங்குபவனுக்கு இசைவான பிழை என்பதாலோ என்னவோ, அது நெடுங்காலம் வாழ்ந்தது!

சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794-இல் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் மூலவித்து அதுவே. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து நாடளாவிய முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருடைய பெருங்கருவி அரை டன் எடையுள்ளது. 1808-இல் அதனைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் கலங்கவில்லை, கூடாரத்துக்குள் அமர்ந்து வாரக்கணக்கில் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார்.

வயல்வெளிக்கு வந்தது கன்டர் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். வயலை முக்கோணங்களாகப் பிரித்து, உட்கோட்டிலிருந்து செங்குத்தாக வரப்புவரை அளந்து குறிப்பர். உட்கோட்டுக்கு ஜி கோடு என்றும், புற எல்லைக் கோட்டுக்கு எஃப் கோடு என்றும் பெயர். அந்தப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால், அல்குவாரிஸ்மியின் 13, 14, 15 நம்மை நோக்கிப் புன்னகை செய்வது போலிருக்கும். சங்கிலியும் குற்றமற்றதன்று. ஓயாது இழுக்க இழுக்க வளையங்கள் தேய்ந்து அது நீளும். ஒரு கண்ணியளவு நீண்டாலே நூறு சென்ட் நிலம் தொண்ணூற்றெட்டாகத் தோன்றும். கயிறு போய், மூங்கில் போய், இரும்பு வந்தும் இந்தத் தொல்லை தீரவில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், விளைச்சலைக் களத்திலேயே பங்கிடும் அமானி முறை நெடுநாள் இருந்தது. அரசாங்க ஆள் வந்து பார்க்கும்வரை கதிரைத் தொட முடியாது. மழை வந்தால் இருவர் பங்கும் முளைத்துப் போகும். திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அம்முறை ஒழிந்து பணத்தீர்வை வந்தது. அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பழைய பைமாஷ் கணக்குகளின் இடத்தைச் சென்னை மாகாண முறையிலான சர்வே எண்கள் பிடித்தன. திருமயம் அப்போது சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது; 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறின, கற்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை, வாசகர் பொறுத்தருள்க. அமானி என்ற அச்சொல் ‘அமானத்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. நாம் அமானிதம் என்கிறோமே, அதன் உடன்பிறப்பு. இனாம், பசலி, தாலுகா, மகசூல், வசூல், பாக்கி, வாரிசு, மிராசு எல்லாம் அரபு மண்ணிலிருந்து பாரசீகத்தின் வழியே வந்து, நம் கணக்குப்பிள்ளைமார் ஏட்டில் குடியேறியவை. எல்லையைக் குறிக்க வருவாய்த்துறையார் ‘அத்து’ என்பர். அது ‘ஹத்து’. இறைவன் மனிதனுக்கு வகுத்த வரம்புகளையும் திருமறை அதே சொல்லின் பன்மையால்தான் குறிக்கிறது. ‘அத்துமீறல்’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும்போது நாம் பாதி அரபு பேசுகிறோம் என்பதை யாரே எண்ணிப் பார்க்கின்றனர்!

இனி நடைமுறைக்கு வருவோம். நில அளவையர் செய்யும் வேலை ஒன்றல்ல. இருக்கும் எல்லையைப் புலப்படத்தின்படி மீட்டுக் காட்டுவது ஒரு வகை. இதைத்தான் அத்துக் காட்டுதல் என்கிறோம். பாகம் பிரித்தாலும் ஒரு பகுதியை விற்றாலும் புதிய எண் கொடுக்கச் செய்வது உட்பிரிவு அளவை. ஊர்க் குடியிருப்புக்கு நத்தம் அளவை. நகரத்துக்கு நகர அளவை. பழைய அளவை உதவாதபோது மறு அளவை. இன்று தனியார் அளவையர் நவீனக் கருவிகளுடன் வந்து, செயற்கைக்கோள் துணையோடு அங்குலப் பிசகின்றி வரைபடம் தருகின்றனர். மனை வாங்குமுன் அது மிகவும் உதவும். எனினும் வழக்கென்று வந்தால் அரசின் பதிவேடே முன்னிற்கும். தனியார் வரைபடம் துணைச் சான்று மட்டுமே.

அந்தப் பதிவேடு எவ்வாறு உறுதியாகிறது என்பதுதான் நம் குடும்பங்கள் பல அறியாத செய்தி. 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டத்தின்படி, அளந்தபின் உரியவர்க்கு அறிவிப்பு வரும். மனக்குறை உள்ளவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். இறுதி அறிவிக்கை வெளியான பின்னும், மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். அதன்பின் அந்த எல்லை சரியானதே என்று சட்டம் கொள்ளும். 1979 முதல் 1987 வரை தமிழகமெங்கும் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் சுருக்கமாக யு.டி.ஆர். என்பார்களே அதில், பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் நம் இல்லங்களின் ஆண்மக்கள் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தனர். வீட்டில் இருந்தோர் வெளியே வந்து நிலத்தைக் காட்டவில்லை. யார் வரப்பில் நின்றாரோ அவர் பெயர் ஏறிற்று. வக்ஃபு நிலங்களின் நிலை இன்னும் மோசம். முத்தவல்லி வராத இடத்தில் கபரா எழுந்து வந்து சாட்சி சொல்லும்? 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் வக்ஃபுகளை அளந்தறியத் தனி ஆணையரை வைத்தன. 2025-ஆம் ஆண்டின் திருத்தம் அப்பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் தந்துள்ளது. பொறுப்பு யாரிடம் இருந்தாலும், அளக்க வரும் நாளில் பத்திரத்தோடு நிற்க ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

திருமயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் ஓதிக்கொடுத்து வந்தபோது நடந்ததைக் கூறுகிறோம். அவ்வூர் மையவாடிக்கு ஜமாஅத்தார் சுற்றுச்சுவர் எழுப்பத் தொடங்கினர். வடக்கிலும் கிழக்கிலும் ஒரே குடியானவரின் புன்செய். வடபுறம் அவருடைய முள்வேலி மையவாடிக்குள் நகர்ந்துவிட்டது என்று நம்மவர் கொதித்தனர். இளைஞர் சிலர் இரவில் வேலியைப் பிய்த்தெறியக் கிளம்பினர். அவர்களைத் தடுத்து, முறைப்படி அளக்க மனுச் செய்ய வைப்பதற்குள் எமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அளவையர் வந்தார். புலப்படத்தை விரித்தார். மூன்று எல்லைகள் கூடும் மூலைக்கல் கிடைத்தால்தான் அளவைத் தொடங்க முடியும், கல்லைக் காணவில்லை. ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்து நின்றபோது அந்தக் குடியானவர், எழுபது வயதுப் பெரியவர், கடப்பாறையை எடுத்துக்கொண்டு சீமைக்கருவேலப் புதருக்குள் நுழைந்தார். “சின்னப் பிள்ளையில எங்கப்பாரு காட்டுன கல்லு, இங்கதான் இருக்கணும் அசரத்து” என்றபடி தோண்டினார். முழ ஆழத்தில் கல் இருந்தது.

அங்கிருந்து அளந்தபோது, வடக்கே வேலி மையவாடிக்குள் இரண்டு மீட்டர் வந்திருந்தது உண்மையாயிற்று. கிழக்கே அளந்தார்கள். நம் சுவரின் அடித்தளமும், அதனருகே இருந்த இரண்டு பழைய கபர்களும் அவருடைய பட்டாவுக்குள் ஒரு மீட்டர் சென்றிருந்தன! கூட்டம் அமைதியாயிற்று. நம்மவருள் ஒருவர் எம் காதருகே வந்து, “கிழக்கே எழுத வேண்டாம்னு சர்வேயர்ட்ட சொல்லுவோம் அசரத், வடக்க மட்டும் போதும்” என்றார்.

அவருக்கு நாம் ஸயீது இப்னு ஸைது (ரலி) அவர்களின் வரலாற்றைக் கூறினோம். சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர் அவர். தம் நிலத்தை அபகரித்தார் என ஒரு பெண்மணி அவர்மீது மதீனாவின் ஆளுநர் மர்வானிடம் முறையிட்டார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாய்க் கவர்வது பற்றி எச்சரித்ததைத் தம் செவியால் கேட்டபின் தாம் அதைச் செய்வேனா என்று கேட்டுவிட்டு, அந்த நிலத்தையே அவர் விட்டுக்கொடுத்தார். பின்னர் அகீக் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்து மண்ணை அரித்தபோது பழைய எல்லை வெளிப்பட்டு அவர் பக்கமே உண்மை என்று தெரிந்ததாக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அந்த எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றது. எல்லைக்குறியை மாற்றுவோனுக்குரிய சாபம் பற்றிய நபிமொழியும் முஸ்லிமில் உண்டு. கேட்டவர் முகம் சுருங்கிற்று, மறுபேச்சுப் பேசவில்லை. அளவையர் இரு பக்கத்தையும் எழுதினார்.

பெரியவரிடம் நாமே சென்று, அடித்தளத்தைப் பெயர்த்து எடுத்துவிடுகிறோம், கபர்களைப் பற்றி மட்டும் தாங்கள்தான் சொல்ல வேண்டும் என்றோம். அவர் சிறிது நேரம் அந்த இரு மேடுகளையும் பார்த்து நின்றார். “சமாதி மேல நான் ஏரா ஓட்டப் போறேன்? அந்த எடத்தை விட்டுட்டு, மத்த சுவரை ஒதுக்கிக் கட்டிக்கங்க” என்றார். மறுநாளே வடக்கு வேலியைத் தம் ஆட்களைக் கொண்டு பின்னுக்கு எடுத்துக் கட்டினார்.

வாய்ச்சொல்லோடு விட்டுவிட நாம் உடன்படவில்லை. அவர் தந்தது அவருக்கும் எமக்கும் தெரியும். அவர் பேரனுக்கும் எம் பேரனுக்கும் தெரியாது. தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து, அந்தச் சிறு துண்டுக்கு உட்பிரிவு அளவை கேட்டு மனுக் கொடுத்தோம். எண் ஏறிப் பட்டா வந்து சேரும்வரை ஜமாஅத்துச் செயலாளர் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார் என்பதை அவரே அறிவார். சுவர் அதற்கு முன்பே எழும்பிவிட்டது. தெற்கிலிருந்து நேராக வரும் அது, கிழக்கு மூலைக்குச் சற்று முன்னே வெளிப்புறம் வளைந்து, இரண்டு கபர்களையும் உள்ளே வாங்கிக்கொண்டு, மீண்டும் உள்வாங்கி நேராகச் செல்கிறது. கொத்தனார் கோணலாகக் கட்டிவிட்டார் என்று வெளியூரார் சொல்வதுண்டு.